அந்த இரண்டு நூல் மட்டும் பெரிதாகாது

போன வாரம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் என் தையல் கடைக்கு வந்தார். கையில் பெரிய மஞ்சப்பை. உள்ளே, நாலு மாதம் உட்கார்ந்து அவர் தைத்த ஒட்டுத்துணிப் போர்வையின் மேல்பாகம். மொத்தம் 63 கட்டங்கள். அவருடைய அம்மா கட்டிய சுங்குடி, முதல் சம்பளத்தில் எடுத்த வாயில் சேலை, மகளின் பள்ளிக்கூடப் பாவாடை என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை சொன்னார். மகளுக்கு அடுத்த மாதம் சீமந்தம்.

வெட்டு மேசையில் விரித்துப் பார்த்தேன். துணி படுக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம், எண்ணெயில் போட்ட பூரி மாதிரி எழும்பி நிற்கிறது.

“நல்லா அயர்ன் போட்டா உக்காந்துடும்லம்மா?”

உட்காராது. இதை அவரிடம் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஆனால் இந்த மாதம் ஏதோ ஒரு தப்போடு வந்தது இது மூன்றாவது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படிக்கிற ஒருவராவது கத்திரியை எடுப்பதற்கு முன்னால் நிறுத்தட்டும்.

என்ன நடந்தது என்றால், டீச்சர் ஒரு பேட்டர்னைப் பிடித்திருக்கிறார். முழுச் சதுரம் ஒன்று, பக்கத்தில் நான்கு சின்னச் சதுரம் சேர்த்த கட்டம் ஒன்று, மாற்றி மாற்றி. கட்டம் 6 இஞ்ச். அவருக்குக் கொஞ்சம் பெரிதாக வேண்டும், சுங்குடிப் புள்ளி முழுசாகத் தெரிய வேண்டும். நியாயமான ஆசைதான். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஒன்றரை மடங்கு பெரிதாக்கி எடுத்து, அதை அட்டையில் ஒட்டி வெட்டியிருக்கிறார்.

“எல்லாமே ஒரே மடங்குதானே பெருசாகும்? நான் முப்பது வருஷம் கணக்கு எடுத்தவம்மா!”

டீச்சர், கணக்கு சரி. ஆனால் தையலுக்கு விட்ட துணியும் சேர்ந்து பெரிதாகிவிட்டதே! நீங்கள் மிஷினில் பிடிக்கிற தையல் பெரிதாகவில்லையே!

இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுத்துணி வேலையில் ஒவ்வொரு ஓரத்திலும் தையலுக்குக் கால் இஞ்ச் விடுவது வழக்கம். நம்ம ஊர் டேப் கணக்கில் இரண்டு நூல். 6 இஞ்ச் சதுரம் வேண்டுமென்றால் 6½ வெட்ட வேண்டும். 3 இஞ்ச் சதுரத்துக்கு 3½. அந்த 3½ இரண்டைச் சேர்த்துத் தைத்தால் நடுவில் அரை இஞ்ச் தையலுக்குள் போய் 6½ நிற்கும். பெரிய சதுரமும் 6½. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும்.

இப்போது ஜெராக்ஸைப் பாருங்கள். 6½ ஒன்றரை மடங்கானால் 9¾. 3½ ஒன்றரை மடங்கானால் 5¼. இரண்டு 5¼-ஐச் சேர்த்தால் 10½. தையலில் போவது அதே அரை இஞ்ச்தான். மீதி 10. ஒரு பக்கம் 10, மறுபக்கம் 9¾. கால் இஞ்ச் இடிக்கிறது. டீச்சர் அதை இழுத்துப் பிடித்து, குண்டூசி குத்தி, எப்படியோ சமாளித்துச் சேர்த்துவிட்டார். நான்கு சதுரம் சேர்த்த 32 கட்டங்களிலும் அந்தக் கால் இஞ்ச் போக இடமில்லாமல் மேலே எழும்பிவிட்டது. அயர்ன் பெட்டி என்ன செய்யும், பாவம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: தைத்து முடித்த பிறகு கட்டம் என்ன அளவில் நிற்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள். பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோ அந்த அளவில்தான். கடைசியில் தையலுக்கான அரை இஞ்சைக் கூட்டுங்கள். 6 இஞ்ச் 9 ஆகிறது, வெட்டுவது 9½. 3 இஞ்ச் 4½ ஆகிறது, வெட்டுவது 5. இரண்டு 5 சேர்த்தால் 9½. முடிந்தது கதை. சதுரத்தைக் கோணலாக வெட்டி இரண்டு முக்கோணம் எடுப்பதானால், தைத்து முடிந்த அளவோடு அரை இஞ்ச் போதாது, 7 நூல் கூட்ட வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், தாளில் ஒரு தடவை வரைந்தாலே தெரிந்துவிடும்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் வழக்கமாக ஒரு பதில் வரும். “எனக்கு அளவெல்லாம் செட் ஆகாதுக்கா, நான் என் டேஸ்டுக்குத் தைக்கிறேன். அமெரிக்காவுல அந்தக் கறுப்பினப் பாட்டிங்க பேட்டர்னே இல்லாமத்தானே தைக்கிறாங்க?”

அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊர்ப் பெண்களைச் சொல்கிறார்கள். தேய்ந்துபோன வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்தவர்கள். 2002-இல் அவர்கள் போர்வைகள் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின, 2006-இல் அமெரிக்கத் தபால்தலையில் வந்தன. எனக்கும் அவர்கள்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர்கள் அளவே இல்லாமல் தைத்தார்கள் என்று யார் சொன்னது? அவர்களுடைய ‘ஹவுஸ்டாப்’ வகையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு துண்டு, அதைச் சுற்றிப் பட்டை, அதையும் சுற்றி இன்னொரு பட்டை. அடுத்த பட்டையின் நீளத்தைத் தீர்மானிப்பது அதுவரை தைத்து முடித்த துணி. ஜெராக்ஸ் தாளுக்கு அங்கே வேலையே இல்லை. கோணல் வந்தாலும் அடுத்த பட்டை அதை வாங்கிக்கொள்ளும்.

அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்தில் கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்திப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையைப் பாருங்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர் அவர்கள். வரைபடமோ அட்டையோ கிடையாது. அடித்துணியை விரித்து, ஓரத்தில் தொடங்கி, கைக்கு வந்த துண்டை விளிம்பு மடித்து வைத்து, ஓட்டுத்தையல் போட்டபடி சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். அங்கே ஒவ்வொரு துண்டும் அடித்துணியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு துண்டு அரை இஞ்ச் பெரிதானால் பக்கத்துத் துண்டின் அடியில் ஒளிந்துகொள்ளும். தப்பு அடுத்த கட்டத்துக்குத் தாவாது. நம்ம கோயில் தேரில் தொங்கும் தொம்பையும் அப்படித்தான், அடியில் ஒரு துணி இருக்க, அதன்மேல் வெட்டி வைத்துத் தைத்தது. நீங்கள் செய்வதோ துண்டோடு துண்டைச் சேர்ப்பது. அடியில் தாங்க ஆளில்லை. எட்டுச் சதுரம் கொண்ட வரிசையில் ஏழு தையல். ஒவ்வொரு தையலிலும் ஒரு நூல் கூடுதலாகப் பிடித்தால் இரண்டு ஓரமும் சேர்த்து 14 நூல், அதாவது 1¾ இஞ்ச் காணாமல் போகும். ஜாக்கெட் தைத்துப் பழகிய கைகளுக்குத்தான் இந்த வியாதி அதிகம், நமக்குத் தாராளமாகப் பிடித்தே பழக்கம். ஊசியிலிருந்து சரியாக இரண்டு நூல் அளந்து மிஷின் தட்டில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டின் ஓரத்தை நம்பாதீர்கள், எல்லா மிஷினிலும் அது கால் இஞ்ச் இல்லை.

உங்கள் இஷ்டத்துக்குத் தைக்க வேண்டுமா, தாராளமாகக் கவந்தி முறையில் தையுங்கள். கட்டம் போட்டுத் தைக்க வேண்டுமா, இஷ்டத்தையெல்லாம் தாளிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் கிராஃப் நோட்டு ஒன்று வாங்கி, கலர் பென்சிலால் அடித்துப் பாருங்கள். நிறம் மாற்றத் தடையே இல்லை. ஒன்று மட்டும்: துணிகளை வரிசையாக வைத்து போனில் கறுப்பு-வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், சிவப்பும் பச்சையும் எத்தனை பளிச்சென்று இருந்தாலும் தூரத்திலிருந்து பார்க்கும்போது டிசைன் தெரியாது.

இந்த மாதத்து மற்ற இரண்டு கேஸையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் திருப்பூர் பனியன் வேஸ்டையும் காட்டன் பிட்டையும் கலந்து தைத்திருந்தார். பனியன் துணி இழுபடும், காட்டன் இழுபடாது. கல்யாணம் பண்ணி வைத்தால் சண்டைதான். இன்னொருவர் புது மெரூன் சுங்குடியை வெள்ளை வேட்டியோடு சேர்த்துத் தைத்து, முதல் அலசலிலேயே வேட்டியை ரோஸ் ஆக்கிவிட்டார். “கல்லுப்புல ஊறப்போட்டேனே!” என்றார். அம்மா, சாயம் ஏற்றுகிற தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயம் ஏறி முடிந்து, ஒட்டாமல் நிற்கிறதை உப்பு பிடித்து வைக்காது. வெள்ளைக் கைக்குட்டையோடு சேர்த்து அலசிப் பாருங்கள், கைக்குட்டை வெள்ளையாகவே வரும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். வரவே இல்லையென்றால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு வேண்டாம். அலசினால் காட்டன் சுருங்கவும் செய்யும். அந்தச் சுருக்கமும் வெட்டுவதற்கு முன்பே நடந்து முடியட்டும்.

பழைய சேலை என்றால் ஃபால்ஸ் தைத்த ஓரத்தையும், பட்டானால் வருஷக்கணக்காக மடிந்து கிடந்த மடிப்புக் கோட்டையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து மெல்ல இழுங்கள். ‘சர்’ என்று சத்தம் வந்தால் அந்த இடம் இற்றுவிட்டது. அம்மாவின் சேலையாக இருந்தாலும் சரி.

உள்ளே பஞ்சு வைக்கவா என்று கேட்பவர்களுக்கு: நம்ம ஊர் வெயிலுக்கு எதற்குப் பாலியஸ்டர் பஞ்சு? நடுவில் ஒரு பழைய காட்டன் வேட்டி போதும்.

குழந்தைக்குத் தைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கண்ணாடி, பட்டன், மணி எதுவும் வைக்காதீர்கள். முதல் ஒரு வருஷம் தூங்குகிற குழந்தைமேல் இதைப் போர்த்த வேண்டாம், தொட்டிலிலும் போட வேண்டாம். மெத்தென்ற போர்வை முகத்தை மூடிவிடலாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பகலில் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். போர்வை பிழைத்துவிடும். வரிசைகளைப் பிரித்து, நான்கு சதுரக் கட்டங்களின் நான்கு பக்கத்திலும் ஒரு நூல் நறுக்கினால் 10 என்பது 9¾ ஆகிவிடும். நடுவில் தையல்கள் சந்திக்கும் கூட்டல் குறி அசையாது. துணியும் வீணாகாது. வேலை மட்டும் இன்னொரு தடவை. பிரிக்க ஆள் போடட்டுமா என்று கேட்டேன். “நான் தப்பா போட்ட கணக்கை நான்தான்மா அழிக்கணும்” என்று ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். தினமும் பத்து மணிக்கு வருகிறார், என் காஜா பையனுக்கு நடுவில் பின்னம் வேறு சொல்லிக் கொடுக்கிறார். நேற்று சாயந்திரம் வரை 19 கட்டம் பிரித்தாகிவிட்டது.