முர்னோங் கிழங்கிலிருந்து தொடங்கலாம்: பூர்வகுடிகளின் வரலாற்றைச் சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் முறை

ஆஸ்திரேலியத் தொடக்கப் பள்ளிகளில் நான்காம் வகுப்பில் பிரிட்டனிலிருந்து குடியேற வந்த முதல் கப்பல் அணியின் வருகை பாடமாக வருகிறது. 1788 ஜனவரி 26, 11 கப்பல்கள், தலைவர் ஆர்தர் பிலிப் என்று பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். கப்பல்கள் வந்திறங்கிய சிட்னிக் கரையில் இருந்த கடிகல் என்ற பூர்வகுடி மக்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், "நிலத்தைப் பிடுங்கிட்டாங்க" என்பதோடு நின்றுவிடும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நிலம் என்றால் வீடு கட்டும் இடம். நிலத்தோடு சோறும் போகும் என்பதைக் கண்ணால் காட்டினால்தான் புரியும். அதற்கு விக்டோரியாவின் முர்னோங் மிகவும் பொருத்தமானது.

முர்னோங், மஞ்சள் பூப் பூக்கும் சிறு செடி. அதன் கிழங்கு, மெல்பர்ன் பகுதிப் பூர்வகுடிகளான குலின் மக்களின் முக்கிய உணவு. பெண்கள் தோண்டுகோலால் கிளறி எடுப்பார்கள். கிளறக் கிளற மண் பொலபொலப்பாகும், விட்டுவைத்த கிழங்குகள் மறுபடி தழைக்கும். 1835இல் மெல்பர்ன் பகுதியில் குடியேறியவர்கள் செம்மறி மந்தைகளை இறக்கினார்கள். ஆடுகள் இலையை மேய்ந்து கிழங்கையும் கிளறித் தின்றன. குளம்படி பட்டு மண் இறுகியது. சில ஆண்டுகளிலேயே பல இடங்களில் கிழங்கு அற்றுப்போயிற்று.

இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். இரண்டு தட்டுகளில் 10 செ.மீ. உயரத்துக்குத் தோட்டத்து மண்ணை நிரப்புங்கள். ஒன்றைக் கிளறிவிடுங்கள், மற்றதை மரக்கட்டையால் 50 முறை அழுத்தச் சொல்லுங்கள். இரண்டிலும் 200 மி.லி. தண்ணீர் ஊற்றினால், கிளறிய மண் உறிஞ்சிக்கொள்ளும், இறுகிய மண்ணில் தேங்கி நிற்கும். மணல் மண்ணில் வித்தியாசமே தெரியாது. களி கலந்த மண் வேண்டும். கடையில் வாங்கும் தொட்டி மண் காய்ந்திருந்தால் இரண்டிலுமே தண்ணீர் மேலேயே நிற்கும். அதனால் முந்தின நாளே மண்ணை லேசாக ஈரப்படுத்தி வையுங்கள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பிள்ளைகள் பழியை ஆட்டின்மேல் போட்டுவிடுவார்கள். "ஆட்டைக் கொண்டுவந்தது யார்? யாரைக் கேட்டு?" என்று அங்கேயே கேளுங்கள். குடியேறியவர்களில் ஒருவரான ஜான் பேட்மன் நிலத்துக்காகக் குலின் பெரியவர்களோடு செய்துகொண்டதாகச் சொன்ன ஒப்பந்தத்தை பிரிட்டிஷ் ஆளுநர் பர்க் 1835இலேயே செல்லாது என்று அறிவித்தார். நிலம் பிரிட்டிஷ் அரசுடையது என்பது அவர் வாதம். பூர்வகுடிகளுக்கு நில உரிமை உண்டு என்று நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றம் ஏற்க 1992இன் மாபோ தீர்ப்பு வரை ஆயிற்று. இந்த இரண்டு ஆண்டுகளையும் பலகையில் எழுதி, இடைவெளியைப் பிள்ளைகளையே கணக்கிடச் சொல்லுங்கள்.

இழப்பை மட்டும் சொன்னால் "பாவம்" என்ற இரக்கம்தான் மிஞ்சும். எதிர்த்து நின்றவர்களையும் சொல்லுங்கள். சிட்னிப் பக்கம் பெமுல்வுய் என்ற பூர்வகுடி வீரர் 1802இல் கொல்லப்படும்வரை எதிர்த்து நின்றார். குலின் மக்கள் 1863இல் ஹீல்ஸ்வில் அருகே கொரண்டெர்க் என்ற இடத்தில் குடியமர்ந்து, பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப்ஸ் கொடியைப் பயிரிட்டார்கள். அந்த நிலத்தைக் காக்கத் தங்கள் பெரியவர் வில்லியம் பராக் தலைமையில் மெல்பர்னுக்கு நடந்தே போய் மனுக் கொடுத்தார்கள். கொரண்டெர்க் 1924இல் மூடப்பட்டது, அதில் ஒரு பகுதி 1998இல் திரும்பக் கிடைத்தது. அவர்களுடைய சந்ததியினர் இன்றும் அங்கே இருக்கிறார்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அரசு பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த பூர்வகுடிக் குழந்தைகளைப் பற்றி ஐந்தாம், ஆறாம் வகுப்பில் பேசலாம். 2008 பிப்ரவரி 13இல் அப்போதைய பிரதமர் கெவின் ரட் அவர்களிடம் கேட்ட மன்னிப்பிலிருந்து பின்னோக்கிப் போவது நல்லது. குழந்தையைப் பறிப்பதுபோல் நடிக்கவைப்பது வேண்டவே வேண்டாம். வகுப்பில் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளை இருக்கலாம். போரில் உறவை இழந்து வந்த ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம். ஒரு வாரம் முன்பே பெற்றோருக்குக் கடிதம் அனுப்புங்கள். பூர்வகுடிப் பிள்ளையை எழுப்பி "நீ சொல்லு" என்று கேட்கக் கூடாது. இறந்த பூர்வகுடியினரின் படத்தைக் காட்டுமுன் எச்சரிக்கை சொல்லுங்கள். உள்ளூர்ப் பூர்வகுடிப் பெரியவரை அழைத்தால் அவருடைய நேரத்துக்கு உரிய ஊதியத்தையும் கொடுத்துவிட வேண்டும்.

பாடம் முடிந்ததும் புள்ளி ஓவியம் வரையச் சொல்வது பல பள்ளிகளில் வழக்கம். அது 1971இல் நாட்டின் நடுப்பகுதியில் உள்ள பப்புன்யாவில் தொடங்கிய மேற்குப் பாலைவன ஓவிய மரபு. குலின் மக்களுடையது அல்ல. அதற்குப் பதில், ஆடு வந்ததிலிருந்து பசி வரை என்னென்ன மாறின என்று ஐந்து பெட்டிகள் வரைந்து அம்புக்குறியால் இணைக்கச் சொல்லுங்கள். எந்த அம்பு விடுபட்டிருக்கிறதோ, அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்கலாம்.