தயாரிப்பாளரின் பங்கு யார் பணத்திலிருந்து?

ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லக் கேட்டு வரும் இளம் இசைக்குழுக்கள் என்னிடம் முதலில் காட்டுவது இசைக் கம்பெனி தரும் அட்வான்ஸ் தொகையை (பின்னால் உங்கள் ராயல்டியில், அதாவது விற்பனைப் பங்கில், கழித்துக்கொள்ளும் முன்பணம்). நான் தேடுவது வேறு பத்தி. ஆல்பத் தயாரிப்பாளருக்கு (பணம் போடுபவர் அல்ல, ஸ்டூடியோவில் பதிவை வழிநடத்துபவர்) விற்பனையில் எத்தனை சதவீதம், அது யார் பங்கில் கழிகிறது?

இதற்கு நான் சொல்லும் உதாரணம் ஸ்டீவ் அல்பினி. 1981-இல் அமெரிக்காவில் 'பிக் பிளாக்' என்ற ராக் குழுவைத் தொடங்கியவர். 1987-இல் குழு கலைந்தபின், அடுத்தவர் இசையைப் பதிவு செய்வதே அவர் தொழிலானது.

புகழ்பெற்ற அமெரிக்க ராக் குழு நிர்வாணா தங்கள் ஆல்பத்துக்கு அழைத்தபோது முன்கூட்டியே கடிதம் எழுதினார்: ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குத் தருவதுபோல் செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள். ஒன்று, ஒன்றரை சதவீதம் கேட்பேன் என்றுதான் கம்பெனி எதிர்பார்க்கும். 30 லட்சம் பிரதி விற்றால் அது சுமார் 4 லட்சம் டாலர், வாங்கினால் தூக்கம் வராது என்றார். 1993 பிப்ரவரியில் மினசோட்டாவில் அந்த 'இன் யூட்டரோ' ஆல்பம் பதிவானது. அவர் பெற்றது 1 லட்சம் டாலர், அவ்வளவுதான். (பணத்தில் ஆசையில்லாத சாமியார் என்று நினைக்க வேண்டாம், 2018-இல் பணம் வைத்து ஆடும் உலக போக்கர் சீட்டாட்டத் தொடரில் பட்டம் வென்றவர்.)

அதே 1993-இல் ஒரு கட்டுரையில் கற்பனைக் குழு ஒன்றின் வரவு செலவைப் போட்டுக் காட்டினார். 2.5 லட்சம் பிரதி விற்பனை. குழுவின் ராயல்டி 3,51,000 டாலர். அதில் அட்வான்ஸ் 2,50,000, தயாரிப்பாளரின் சதவீதம் 40,000, விளம்பரம் 25,000, பழைய கம்பெனியிலிருந்து விடுவித்த செலவு 50,000 எல்லாம் கழிகின்றன. மிச்சம்? குழு கம்பெனிக்கு 14,000 டாலர் பாக்கி! தனக்கென வாங்கிய முன்பணத்தோடு தயாரிப்பாளருக்கு 90,000. அட்வான்ஸில் செலவு போக உறுப்பினர் ஒருவருக்கு 4,031 டாலர்.

சதவீதம் கேட்பதே தவறு என்று சொல்லமாட்டேன். மெட்டையே மாற்றி அமைத்து, பாட்டைத் தூக்கி நிறுத்தும் தயாரிப்பாளருக்குப் பங்கு நியாயம்தான். அது கம்பெனியின் பங்கிலா உங்கள் பங்கிலா, முதல் பிரதியிலிருந்தா செலவு தேறிய பிறகா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாட்டு நீங்களே எழுதி இசையமைத்ததா? நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிய ராயல்டியைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அந்தத் தொகையை அட்வான்ஸ் பாக்கியில் வரவு வைக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள்.

பத்து லட்சம் முறை ஸ்ட்ரீம் ஆனால் யாருக்கு எவ்வளவு என்ற மாதிரிக் கணக்கையும் ஒப்பந்தத்துடன் இணைக்கச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை கையெழுத்து வேண்டாம்.