சகபாடி மீளாய்வா, துறையோர் மதிப்பாய்வா?

'சகபாடிகளால் மீளாய்வு செய்யப்பட்ட ஆய்விதழ்' என்று இன்னொரு கட்டுரை அழைப்பு திருகோணமலையில் கைமாறிக்கொண்டிருக்கிறது. ஆய்வரங்க அழைப்பிதழிலும் இதே தொடர், தொகுப்பு நூலின் பின்னட்டையிலும் இதே தொடர். சொல்ல வந்தது 'பியர் ரிவியூ': வந்த கட்டுரையை வெளியிடுமுன் அதே துறையை அறிந்த வெளியாட்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்பது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இதை வாசித்தால் என்ன விளங்கிக்கொள்வான்? ரியூஷன் வகுப்பில் பக்கத்து வாங்குக்காரனோடு கொப்பியை மாற்றித் திருத்துவதை. அவனில் பிழையில்லை, தமிழ் அதைத்தான் சொல்கிறது.

மூலச்சொல்லை முதலில் முடித்துவிடுவோம். 'பியர்' என்பது 'சமம்' என்ற பொருளுள்ள 'பார்' எனும் லத்தீன் சொல்லில் இருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1215ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 39ஆம் உறுப்பு, சுதந்திர மனிதன் ஒருவனை அவனுக்குச் சமமானோரின் தீர்ப்போ நாட்டுச் சட்டமோ இன்றித் தண்டிக்கலாகாது என்றது அந்தப் பொருளில்தான். அறிவியல் கழகமான லண்டன் றோயல் சொசைற்றி, தனக்கு வந்த கட்டுரைகளுக்கு எழுத்தில் அறிக்கை கேட்கத் தொடங்கியது 1830களில். ஆய்விதழ்களோடு 'பியர் ரிவியூ' என்ற பெயர் ஒட்டிக்கொண்டதோ 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். 'நேச்சர்' எனும் புகழ்பெற்ற அறிவியல் இதழே 1973இல்தான் இதை ஒழுங்கான நடைமுறையாக்கியது. ஆக, பலர் நினைக்கிற அளவுக்குப் பழைய சடங்கு இல்லை இது.

இனி சகபாடி. வடமொழியில் 'சஹபாடின்' என்றால் சேர்ந்து பாடம் படித்தவன். ஒரே வாத்தியாரிடம், ஒரே வாங்கில். கல்வியியலில் 'சகபாடிக் கற்றல்' என்று எழுதுவது சரி, அங்கே பிள்ளைகளைத்தான் சொல்கிறார்கள். கட்டுரையை மதிப்பிடுகிறவர் உங்களோடு படித்தவராக இருக்கக்கூடாது என்பதல்லவா இங்கே விதி? கூடப் படித்தவர், கூட வேலை செய்பவர், மேற்பார்வை செய்தவர், சேர்ந்து எழுதியவர் எல்லோரையும் விலக்கிவிட்டுத்தான் பொறுப்பாசிரியர் ஆள் தேடுகிறார். விலக்க வேண்டியவனின் பெயரையே செயலுக்குச் சூட்டியிருக்கிறோம். போதாக்குறைக்கு, சகபாடிக்கும் சகலபாடிக்கும் இடையில் ஓர் எழுத்துத்தான். அச்சில் ஒரு 'ல' கூடினால் மனைவியின் தங்கை புருசன் கட்டுரையைப் பார்த்துக் கொடுத்ததாகிவிடும். (சில இதழ்களில் அது அச்சுப்பிழையாகவும் இராது.)

'மீளாய்வு' அதைவிட மோசம். மீள் என்றால் திரும்ப. மீள்குடியேற்றம், மீள்பதிப்பு என்பவற்றில் முன்பு ஒன்று நடந்திருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு மீளாய்வுக்கு விண்ணப்பிக்கிறோம், அங்கும் ஏற்கனவே ஒருவர் திருத்திவிட்டார். ஆய்விதழுக்கு வந்த கட்டுரையை வெளியாள் பார்ப்பது முதல் தடவை. எதை மீள ஆய்கிறார்? ஆங்கிலச் சொல்லில் 'ரீ' என்ற முன்னொட்டைக் கண்டவுடன் 'மீள்' போடுவது நம் மொழிபெயர்ப்பாளர்களின் கைப்பழக்கம். முன்னைய ஆய்வுகளைத் தொகுத்து நோக்கும் அத்தியாயத்துக்கு 'இலக்கிய மீளாய்வு' என்று தலைப்பிட்டு, உள்ளே மீன்பிடிச் சமூகத்தின் கடன்சுமை பற்றிய ஆய்வுகளை வரிசைப்படுத்தியிருக்கும் ஆய்வேடுகளும் உண்டு. அதில் இலக்கியமும் இல்லை, மீளலும் இல்லை. 'முன்னாய்வு நோக்கு' என்றால் என்ன குறைந்துவிடும்?

தமிழ்நாட்டார் 'சக மதிப்பாய்வு' என்கிறார்கள். பிற்பாதி நல்லது. மதிப்பீடு என்றால் காணி விலையும் ஞாபகம் வரும்; மதிப்புரை என்றால் வெளிவந்த நூலைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவது; மதிப்பாய்வு இரண்டிலும் சிக்காது. ஆனால் 'சக' தனித்து நிற்காத சொல். சக ஊழியர், சக பயணி என்று பின்னால் ஓர் ஆளைக் கேட்கும். 'சக மதிப்பாய்வு' என்றால் கூடவே நடக்கும் இன்னொரு மதிப்பாய்வு என்றாகிறது. 'நடுவர்' என்றும் சிலர் எழுதுகிறார்கள். நடுவர் வழக்கைத் தீர்ப்பவர். இங்கே தீர்ப்பது பொறுப்பாசிரியர். வெளியாள் கருத்துத்தான் சொல்கிறார். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தின் 'அம்பயர்' என்ற சொல் பழைய பிரெஞ்சில் 'சமமல்லாதவன்' என்ற பொருளுள்ள சொல்லில் இருந்து வந்தது. பியருக்கு நேர்மாறு!

தூய தமிழ் வேண்டுவோர் சிலர் 'அரங்கேற்றம்' வரை போகிறார்கள். அதுவும் ஒட்டாது, அரங்கேற்றம் அவையறிய நடப்பது. நெருக்கமானது தொல்காப்பியப் பாயிரத்தில் இருக்கிறது: 'அதங்கோட்டாசாற்கு அரில்தபத் தெரிந்து'. அரில் என்றால் பிணக்கு, குற்றம். வல்லவர் ஒருவர் முன் குற்றமறத் தெரிவித்தல். செயல் இதுதான், ஆனால் 'அரில்தப நோக்கல்' என்று பின்னட்டையில் போட்டால் அதற்கே ஓர் உரையாசிரியர் தேவைப்படுவார்.

ஆகவே 'துறையோர் மதிப்பாய்வு'. சமம் என்பதை விட்டுவிட்டாயே என்று கேட்கலாம். இங்கே சமம் என்பது வயதிலோ பதவியிலோ இல்லை, அதே துறையை அறிந்திருப்பதில். துறையோர் என்ற சொல் அதைத் தாங்கிவிடும்.

அடுத்த கொடுமை 'இரட்டைக் குருட்டு மீளாய்வு'. யாருக்கும் கண் போகவில்லை, எழுதியவர் பெயர் மதிப்பாய்பவருக்கும் மதிப்பாய்பவர் பெயர் எழுதியவருக்கும் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். 'இருபுறப் பெயர்மறைப்பு' போதும். மறைப்பதும் முதற்பக்கத்தில் பெயரை வெட்டுவதோடு முடியாது. 'எனது முன்னைய கட்டுரையில்' என்ற வரி, நன்றியுரை, வேர்ட் கோப்பின் பண்புகளில் கிடக்கும் ஆசிரியர் பெயர் மூன்றையும் நீக்க வேண்டும். மறந்துபோகக்கூடியது மூன்றாவது. எல்லாம் நீக்கினாலும், கோணேசர் கல்வெட்டைப் பற்றித் தமிழில் எழுதினால் எழுதியவர் யாரென்று இரண்டாம் பக்கத்தில் தெரிந்துவிடும். துறை அவ்வளவு சிறியது. புத்தகமானால் வழக்கமே வேறு. பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் முதலில் முன்மொழிவையும் ஓரிரு அத்தியாயங்களையும், பிறகு முழுப்பிரதியையும் வெளியாட்கள் இருவருக்கு அனுப்பும். அவர்களுக்கு எழுதியவர் யாரென்று பெரும்பாலும் தெரியும். அது ஒருபுற மறைப்பு.

மனிதப்பண்பியலில் அண்மைக்காலமாக மறைப்பையே எடுத்துவிட்டுப் பார்க்கிறார்கள். 2010இல் 'ஷேக்ஸ்பியர் குவாட்டர்லி' எனும் ஆய்விதழ் ஒரு சிறப்பிதழின் கட்டுரைகளை இணையத்தில் திறந்து வைத்து, பெயரோடு கருத்துக் கேட்டது. இதற்கு 'திறந்த துறையோர் மதிப்பாய்வு' என்று தயக்கமின்றிச் சொல்லலாம். 'திறந்த சகபாடி மீளாய்வு' என்று சொல்லிப் பாருங்கள், பழைய மாணவர் ஒன்றுகூடல் மாதிரி இருக்கும்.

தொடரின் அமைப்பும் ஒரு பகுதி நோய். 'மீளாய்வு செய்யப்பட்ட' என்று செயப்பாட்டில் எழுதுவதால் யார், எத்தனை பேர் என்பதெல்லாம் ஒளிந்துகொள்கிறது. பதவி உயர்வுப் புள்ளிக்கு இந்தத் தொடர் உதவுவதால் அட்டையில் முத்திரை போல ஏறிவிடுகிறது. இதழின் உள்பக்கத்தில் இப்படி எழுதலாம்: 'ஒவ்வொரு கட்டுரையையும் துறையோர் இருவர், இருபுறப் பெயர்மறைப்பில் மதிப்பாய்ந்தனர்.' பொறுப்பாசிரியர் மட்டும் பார்த்திருந்தால் 'பொறுப்பாசிரியர் பார்வையிட்டது' என்று போடுங்கள்.