கான்டினென்ஸ்: அடக்கமா, கட்டுப்பாடா?

சிறுநீரையும் மலத்தையும் கட்டுப்படுத்தும் திறனை மருத்துவத்தில் 'கான்டினென்ஸ்' என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? லத்தீனில் 'டெனேரே' என்றால் பிடித்தல். முன்னால் 'கோன்' ஒட்டினால், சிதறாமல் சேர்த்துப் பிடித்தல். ஆங்கிலத்தில் 'கான்டினென்ஸ்' முதலில் சிற்றின்ப ஆசையை அடக்குவதைத்தான் குறித்தது. அதை நம்பித் தமிழாக்கினால் 'புலனடக்கம்' என்று வரும். சிறுநீர்ப்பைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

மருத்துவத்தில் இது மூன்று வேலை: வருகிற உணர்வை அறிவது, இடம் போய்ச் சேரும்வரை தாங்குவது, அங்கே கழிப்பது. அடக்குவது நடுவிலுள்ள ஒன்றுதான்.

எதிர்ச்சொல்லை 'அடங்காமை' என்றால் எனக்கு உறுத்தும். 'அடங்காமை ஆரிருள் உய்த்து விடும்' என்று குறள் சொன்னபின் அதில் குற்றவாடை வந்துவிட்டது. அறிவுசார் குறைபாடுள்ள முப்பது வயதுக்காரர் பாயை நனைத்தால் 'வேணும்னே செய்றான்' என்ற ஏச்சு ஏற்கெனவே காத்திருக்கிறது. கலைச்சொல்லும் சேர்ந்து ஏச வேண்டுமா? சித்த மருத்துவம் நீரையும் மலத்தையும் அடக்கக் கூடாத 14 வேகங்களில், அதாவது உடலின் இயல்பான உந்துதல்களில், வைத்திருக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

 

உண்மையில் கோளாறு பல நேரம் 'அடக்கத்தில்' இருப்பதில்லை. ஒருவர் கழிவறை வாசல்வரை சரியாக வந்துவிடுவார். பைஜாமா நாடா முடிச்சு அவிழாது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சிலருக்கு நாள்பட்ட மலச்சிக்கல். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தும். அதன் ஓரமாக நீர்த்த மலம் கசியும். வீட்டில் அதைப் பேதி என்று நினைத்து மருந்து கொடுத்தால் இன்னும் இறுகும். இங்கே தேவை மருத்துவர். அப்புறம், சாப்பிட்டு அரைமணிக்குள் குடல் தானாக அசையும்; அந்த நேரத்தில் உட்காரப் பழக்கினால் பலருக்குப் பிடிபடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கழிவுக் கட்டுப்பாடு' என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் நினைவுக்கு வரும். 'சிறுநீர், மலக் கட்டுப்பாடு' நீளம்தான், ஆனால் யாருக்கும் புரியும். எதிர்நிலைக்கு 'கட்டுப்பாட்டுக் குறைவு', நடைமுறையில் 'கசிவு'. இதெல்லாம் அறிக்கையில் எழுத. சிரமப்படுபவரிடம் பேச அவர் வீட்டுச் சொல்லே வேண்டும்: 'ஒண்ணுக்கு', 'ரெண்டுக்கு', யாழ்ப்பாணத்தில் 'சலம்'. வீட்டில் ஒரு சொல், பகல்நேர மையத்தில் இன்னொன்று என்றால் அவர் எதைச் சொல்லிக் கேட்பார்?