பத்து ரூபாய் நாணயம் செல்லும், பயப்படாமல் வாங்குங்கள்

வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருக்கிறேன். கவுன்டரில் தினமும் யாராவது கேட்டுவிடுவார்கள், "சார், இந்தப் பத்து ரூபா காசு செல்லுமா?"

செல்லும். 2009-இல் புழக்கத்துக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை அதை யாரும் செல்லாது என்று அறிவிக்கவே இல்லை. பழையதில் 15 கோடுகள் இருக்கும், 2011-க்குப் பிறகு வந்ததில் ரூபாய்க் குறியீடும் 10 கோடுகளும் இருக்கும், இதைப் பார்த்துத்தான் ஒன்று கள்ளக்காசு என்று கிளப்பிவிட்டார்கள். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது.

இட்லிக்கடை நடத்தும் ஒரு அக்கா, ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இந்த நாணயங்களைக் கொண்டுவந்தார். காய்கறிக்காரர் வாங்கவில்லை, மளிகைக்கடையில் வாங்கவில்லை, சரி இருக்கட்டும் என்று போட்டுவைத்தது மாதக்கணக்கில் சேர்ந்துவிட்டது. அடியில் கிடந்தவை மாவு ஒட்டிக் கருத்துப்போயிருந்தன. எண்ணினால் மூவாயிரத்துக்கு மேல். இவ்வளவு பணத்தை வீட்டில் முடக்கிவிட்டு, அரிசி உளுந்துக்கு அவர் தண்டல் வாங்கிக்கொண்டிருந்தார், அதற்குத் தினமும் வட்டியோடு கட்டினார். எனக்கு மனசே ஆறவில்லை. ஒரு கடைக்காரர் "வேணாம்மா" என்று சாதாரணமாகச் சொல்லும் சொல், இப்படிப்பட்டவர்கள் தலையில்தான் வந்து விடிகிறது.

2011 நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரு தடவையில் 1,000 ரூபாய் வரை கொடுக்கலாம். 50 பைசாவும் இன்னும் செல்லும், ஆனால் 10 ரூபாய் வரைதான். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-உடன் போய்விட்டன. பன்னிரண்டு பக்கம் உள்ள 20 ரூபாய் நாணயத்தைப் பார்த்தும் முழிக்க வேண்டாம், அதுவும் நல்ல காசுதான்.

ஆனால் வங்கியில் உங்கள் கணக்கில் போட இந்த உச்சவரம்பு கிடையாது. வகை பிரித்து, நூறு நூறாகக் கவரில் போட்டுக் கொண்டுவந்தால் எங்களுக்கும் சீக்கிரம் முடியும், உங்களுக்கும் வரிசையில் நிற்கும் நேரம் குறையும்.

அப்புறம் இன்னொன்று. வைஷ்ணோ தேவி படம் போட்ட நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று போனில் வரும் விளம்பரங்கள். அதை நம்பிப் பூட்டிவைப்பவர்கள் நிறைய. வரி, கமிஷன் என்று முதலில் உங்களிடம்தான் பணம் கேட்பார்கள், ரிசர்வ் வங்கி பெயரையே சொல்லிக் கேட்பார்கள். அப்படி யாருக்கும் அனுமதி தரவில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்திருக்கிறது. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.