எடையை நீயே வைத்துக்கொள்

“ஒரு பள்ளி வாசிப்பில் கெட்டி, இன்னொன்று கணக்கில் கெட்டி. எது திறமையாக நடக்கிறது என்று எப்படிச் சொல்வது?” என்று வாசகர் ஒருவர் கேட்கிறார். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான ‘ஃபாலோ த்ரூ’ திட்டத்தை மதிப்பிடப் போனவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதற்காக 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் வெளியிட்ட முறைதான் தரவு உறைப் பகுப்பாய்வு (Data Envelopment Analysis).

வாசிப்புக்கு எத்தனை எடை, கணக்குக்கு எத்தனை? சண்டையே அங்கேதான். எடையை அந்தந்தப் பள்ளியே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஒரே நிபந்தனை: அதே எடையை மற்றவர்களுக்குப் போட்டாலும் யாரும் 100 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மூன்று பள்ளிகள், தலா 10 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாசிப்பு, கணக்குப் புள்ளிகள்: அ - 80, 20, ஆ - 20, 80, இ - 40, 40. அந்த எடையில் முதலிடம் வரும் பள்ளிக்கு 100; மற்றவை அதற்கு எத்தனை சதவீதம் என்று பார்ப்போம். வாசிப்பை மட்டும் எண்ணினால் இ-க்கு 50 சதவீதம் (அ-வின் 80-இல் பாதி). கணக்கை மட்டும் எண்ணினாலும் 50. வாசிப்புக்கு இரட்டை எடை போட்டால் 67. இரண்டுக்கும் சம எடை போட்டால் 80. அதற்கு மேல் ஏறாது. தனக்குச் சாதகமாகத் தானே எடை வைத்தும் தோற்றால், அப்புறம் சாக்குச் சொல்ல வழியில்லை. அ-வில் 4 ஆசிரியர், ஆ-வில் 4 ஆசிரியர் அளவுக்கு எடுத்துச் சேர்த்தாலே 40, 40 வந்துவிடுகிறது. 8 பேர் வேலைக்கு இ 10 பேரை வைத்திருக்கிறது; அதுதான் அந்த 80 சதவீதம். (அளவைக் குறைத்தால் பலனும் அதே விகிதத்தில் குறையும் என்பது இதன் அனுமானம். அதைத் தளர்த்தும் வடிவம் 1984-இல் வந்தது.) கணக்குப் போட எக்செலில் உள்ள சால்வர் கருவியே போதும்; பள்ளிக்கு ஒரு நேரியல் நிரல் (நிபந்தனைகளுக்குள் அதிகபட்ச மதிப்பைத் தேடும் கணக்கு).

சலுகையில் ஓட்டையும் உண்டு. ஈ என்ற பள்ளி 90, 5 வாங்கினால், கணக்குக்குப் பூஜ்ய எடை போட்டு 100 சதவீதத்தோடு நிற்கும். எடைக்குக் கீழ்வரம்பு வைத்தால்தான் அடங்கும். உள்ளீடு (இங்கே ஆசிரியர்), வெளியீடு (வாசிப்பு, கணக்கு) வகைகளின் கூட்டுத்தொகையைப் போல மூன்று மடங்காவது பள்ளிகள் வேண்டும் என்பது நடைமுறை விதி. இல்லையென்றால் பலரும் 100 வாங்கிவிடுவார்கள். அந்த நூறுகளுக்குள் முதலிடம் தேடுவது ஜாதகம் பார்ப்பதற்குச் சமம்.

எனக்குப் பெரிய பயம் தட்டச்சுப் பிழை. அ-வின் 80 தவறி 180 ஆனால், ஈ 100-லிருந்து 50-க்கு விழும். இ 80-லிருந்து 63-க்கு. சராசரியில் கரைந்துபோகும் பிழை, இங்கே மற்றவர்களை அளக்கும் எல்லைக்கோடாகிவிடுகிறது. நூறு வாங்கிய பள்ளிகளை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி ஓட்டுங்கள். ஒன்றை எடுத்ததும் மற்றவர்களின் மதிப்பு எகிறினால், முதலில் அந்தப் பள்ளியின் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.