'ரூர்' எண்டால் சுற்றுப்பயணமா?

போன கிழமை மாமி வீட்டில இருந்து ஒரு இங்கிலிஸ் படம் பாத்தனாங்கள். ஈராக் சண்டைக்கு நாலு தரம் போய் வந்த ஒரு அமெரிக்கச் சிப்பாயின்ர கதை, களத்தில நிண்டால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் மனம் முழுக்கக் களத்தில. கீழ தமிழில சப்டைட்டில் ஓடுது. மனுசி பிள்ளையோட நிண்டு அழுறா, கீழ பாத்தால் 'இன்னொரு சுற்றுப்பயணம் போகவேண்டாம்' எண்டு கிடக்கு. மாமி என்னைத் திரும்பிப் பாத்து, "தம்பி, இவன் பிள்ளையளையும் விட்டிட்டு ஊர் சுத்திப் பாக்கவோ போறான்?" எண்டு கேட்டா. உண்மையா விளங்காமல்தான் கேட்டவ. அவவின்ர மூத்தவன் லீவு முடிஞ்சு திரும்பிப் போகேக்க ஒவ்வொருக்காவும் ஒழுங்கை முடக்கு மட்டும் பின்னால போய், சைக்கிள் மறையுமட்டும் வேலிக் கதியாலைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட மனுசி. அவவுக்கே அந்தக் காட்சி விளங்காமல் போகுதெண்டால் அந்தச் சொல்லில பெரிய பிழை இருக்கு.

இந்தச் சுற்றுப்பயணத்தை நான் இதோட எத்தினை படத்தில கண்டிட்டன், இனிப் பேசாமல் இருக்க ஏலாது.

அமெரிக்கப் படையில சொல்லுறது 'ரூர் ஒஃப் டியூட்டி' (tour of duty), சுருக்கி 'ரூர்' (tour), ஒரு சிப்பாய் ஒருக்காப் போனால் களத்தில நிக்கவேண்டிய குறிச்ச காலம். லத்தீனில கடைசல் பொறிக்கு இருந்த சொல்லில இருந்து திருப்புறது, சுழட்டுறது எண்ட கருத்து வந்து, பிரெஞ்சுக்குள்ளால இங்கிலிசுக்குப் போனது, 'ரேண்' (turn) எண்ட சொல்லும் இதின்ர கூடப்பிறந்ததுதான். கவனிக்கவேண்டியது என்னெண்டால், இங்கிலிசில 1300ஆம் ஆண்டளவிலயே இதுக்குக் கடமையில ஒருத்தற்ற முறை எண்ட கருத்து இருந்தது. ஊர் சுத்திப் பாக்கிற கருத்து 1640களிலதான் வந்து ஒட்டினது. அப்ப மொழிபெயர்த்தவர் பிந்தி வந்த கருத்தைத் தூக்கி முந்தின கருத்தின்ர இடத்தில வைச்சிட்டார்.

சரி, அகராதியில சுற்றுப்பயணம் எண்டுதானே கிடக்கு எண்டு சொல்லுவினம். கிடக்கட்டும். ஆனால் தமிழில சுற்றுப்பயணம் ஆர் போறது? ஜனாதிபதி போவார், கிரிக்கெட் ரீம் போகும், பள்ளிக்கூடப் பிள்ளையள் பஸ் பிடிச்சுப் போகும். போற ஆள் தன்ர விருப்பத்தில போறார், பல இடம் பாக்கிறார், வாறார். சிப்பாய் ஒரே மண்ணில மாசக்கணக்கா நிக்கிறான். அதோட எங்கட வன்னியில இந்தச் சொல்லுக்கு இன்னொரு பாரமும் இருக்கு. சண்டை முடிஞ்சு ஏ9 திறந்தாப் பிறகு தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா வந்து கிளிநொச்சியில விழுந்து கிடந்த தண்ணித்தாங்கிக்கு முன்னால நிண்டு படம் எடுத்திட்டுப் போச்சினம், நாங்கள் தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்து அதைப் பாத்தனாங்கள். சண்டை நடந்த இடத்துக்குச் சுற்றுப்பயணம் எண்டால் எங்களுக்கு அதுதான் நினைவுக்கு வரும். சண்டை பிடிக்கப் போறவனுக்கு அதே சொல்லைப் போட்டால் எங்கட ஆக்களுக்கு என்னெண்டு பொருந்தும்?

'களப்பணி' எண்டு போடுறவையும் இருக்கினம். அது எங்களுக்கு என்ஜிஓக்காரர் படிவத்தோட வந்து குடும்ப விபரம் எழுதுறது. 'சேவைக்காலம்' எண்டால் பென்சன் வரைக்குமான முழுக் காலம், நாலு தரம் போனவனுக்கும் சேவைக்காலம் ஒண்டுதான்.

'தவணை' எண்டு ஒரு வாத்தியார் எனக்குச் சொன்னவர், அதை நான் லேசில தள்ளேல்ல. காலக்கெடு அதில இருக்கு, அது சரி. வியட்நாமில அமெரிக்கத் தரைப்படைக்காரனுக்கு 12 மாசம், மரீன் எண்டால் 13 மாசம், ஈராக்கில 2007இல 12ஐ 15 ஆக்கினவை, அந்த மூண்டு மாசம் கூடினது வீட்டில இருந்தவைக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு இஞ்ச ஆருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் தவணை எண்டால் எங்கட சனத்துக்கு மூண்டாம் தவணைச் சோதினை, கோட்டுத் தவணை, லீசிங் காசு. எல்லாத்துக்கும் மேல, ஒருத்தன் இறங்க மற்றவன் ஏறுறான் எண்ட கருத்து அதில இல்லை.

அந்தக் கருத்து இருக்கிற சொல் 'முறை'. சிறுபோகத்தில இரணைமடுக் குளத்துத் தண்ணியை முறை வைச்சுத்தான் விடுறது. எங்கட முறை ராத்திரி ரெண்டு மணிக்கு வரும், ஐயா ரோச் லைற்றும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு போய் வாய்க்கால் வரம்பில குந்தியிருப்பார், முந்தின ஆள் தன்ர பக்கத்தை அடைச்சிட்டு "அண்ணை, இனி உங்கட முறை" எண்டு சொல்லிப்போட்டுப் போவார். நித்திரை வந்தாலும் காய்ச்சல் எண்டாலும் உன்ர முறையில நீதான் நிக்கவேணும், முடிஞ்சால் விட்டிட்டு வரலாம். சென்ரிக்கு, அதுதான் காவலுக்கு, நிண்டவையும் "இப்ப ஆற்ற முறை" எண்டுதான் கேட்டவை. கடமையும் அதின்ர முடிவும் ஒரே சொல்லுக்குள்ள கிடக்கு.

முறைக்குக் கருத்துக் கனக்க, நீதி, சொந்தம், விதம் எல்லாம் அதுக்குள்ள வருமே எண்டு கேக்கலாம். அதுக்கு எழுத்தில 'களமுறை' எண்டு எழுதுங்கோ, 'போர்முறை' எண்டு எழுதாதேங்கோ, அது சண்டை பிடிக்கிற விதம். பேச்சில வெறும் முறையே காணும். 'நாலு முறை போனவன்' எண்டால் நாலு தரம் எண்டும் எடுக்கலாம், நாலு ரூர் எண்டும் எடுக்கலாம், எப்பிடி எடுத்தாலும் கணக்குப் பிழைக்காது.

எனக்கு மனம் நோகிறது எங்க எண்டால், இந்தப் பிரிவுக்குத் தமிழில சொல் இல்லாதது மாதிரி இவை நடக்கினம். பாசறையில தலைவன், வீட்டில காத்திருக்கிறவள் எண்டு முல்லைப்பாட்டு 103 அடியில ஒரு முழுப் பாட்டு. அரசன்ர வேலையாப் பிரியிற பிரிவு ஒரு வருசத்துக்குள்ள எண்டு தொல்காப்பியம் கற்பியலில வரையறையே இருக்கு, வியட்நாமில அவை வைச்ச 12 மாசத்தை அதோட பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. இதெல்லாம் கிடக்க, ரவை போடுற துவக்கு மகசினை 'சஞ்சிகை' எண்டும், படைக் கம்பனியை 'நிறுவனம்' எண்டும், வந்து விழுந்து வெடிக்கிற செல்லை 'ஓடு' எண்டும் மாத்துகினம். செல் எண்டால் செல்தான், இஞ்ச சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படம் பாக்காமல், ஆர் ஆருக்குச் சொல்லுறான் எண்டு பாக்காமல், வரியை மட்டும் வைச்சு மாத்தினால் இப்பிடித்தான் வரும். சண்டைக்குள்ள வாழ்ந்த ஒரு ஆளிட்டக் குடுத்து ஒருக்கா வாசிப்பிச்சிருந்தால் பாதிப் பிழை அங்கயே போயிருக்கும்.

அந்த மனுசி அழுற இடத்தை நான் மாமிக்கு இப்பிடிச் சொன்னனான்: "இஞ்சாருங்கோ, உங்கட முறை முடிஞ்சுது. இனி மற்றவை நிக்கட்டும்." மாமி ஒண்டும் கேக்கேல்ல, படத்தை நிப்பாட்டச் சொன்னா.